சபைக்குள்ள மன்னிக்கிறது எப்பிடி: கணக்கு பாக்குறதுல ஆரம்பிச்சு திரும்ப சேத்துக்குறது வரைக்கும்

சபையில ரெண்டு பேருக்கு நடுவுல மனஸ்தாபம்னு தெரிஞ்சா பெரும்பாலும் நடக்குறது இதுதான். பெரியவர் ஒருத்தர் ரெண்டு பேரையும் கூப்பிட்டு நிக்க வச்சு, "ஆண்டவர் நம்ம பாவத்தையெல்லாம் மன்னிக்கலையா, நீங்களும் மன்னிச்சு விட்டுருங்க"ன்னு சொல்லி, கை குடுக்க வச்சு, ஒரு ஜெபம் பண்ணி அனுப்பிருவார். பத்து நிமிஷத்துல காரியம் முடிஞ்சுது. அப்புறம் பாத்தா அந்த ரெண்டு பேரும் வருஷக்கணக்கா ஒரே ஆராதனையில ஆளுக்கொரு மூலையில உக்காந்து, வாசல்ல எதிர்ப்பட்டா "ஸ்தோத்திரம் பிரதர்"னு மட்டும் சொல்லிட்டு நகந்துருவாங்க, பிள்ளைங்ககிட்ட கூட "அந்த வீட்டு பசங்களோட சேராத"ன்னு சொல்லி வச்சிருப்பாங்க.

என்னைக் கேட்டா அங்க மன்னிப்பே நடக்கல. என்ன நடந்துதுன்னு யாரும் வாயத் திறந்து சொல்லல, அதனால எதை மன்னிச்சோம்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. மன்னிப்புக்கு ஒரு வரிசை இருக்கு, வேதத்துலயே அது இருக்கு, நாமதான் அவசரத்துல கடைசிப் படிய தூக்கி முதல்ல போட்டுடுறோம். அந்த வரிசைய ஒவ்வொண்ணா எழுதுறேன், கொஞ்சம் நீளமாதான் வரும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி: இது எதுக்கெல்லாம் பொருந்தாது

குழந்தைகள்கிட்ட தப்பா நடந்துக்கிட்டது, பாலியல் தொந்தரவு, வீட்டுல அடி உதை, மிரட்டல், இதெல்லாம் "ரெண்டு பேருக்கு நடுவுல உள்ள மனஸ்தாபம்" கிடையாது. இதுக்கு முதல் படி போலீஸ், பாதிக்கப்பட்டவங்கள பத்திரமான இடத்துல வைக்கிறது, அவ்வளவுதான். "தனியா போய் பேசு"ன்னு மத்தேயு 18ல இருக்குன்னு சொல்லி ஒரு பொண்ண, தன்ன அடிச்ச ஆளு இருக்குற ரூமுக்கே தனியா அனுப்புறது வசனத்துக்கு கீழ்ப்படியுறது இல்ல, கொடுமை. சபை பேரு கெட்டுரும்னு மூடி மறைச்ச இடத்துலயெல்லாம் பின்னால பேரு இன்னும் மோசமா கெட்டிருக்கு, அதுக்குள்ள இன்னும் நாலு பிள்ளைங்க பாதிக்கப்பட்டிருக்கும்.

மன்னிக்கிறதும் சட்டம் அதன் வேலைய செய்யுறதும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல. போப் ரெண்டாம் ஜான் பால 1981 மே 13ம் தேதி சுட்டாங்க, நாலே நாள்ல ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே அந்த ஆள மன்னிச்சுட்டேன்னு பகிரங்கமா சொன்னார், 1983 டிசம்பர்ல ஜெயிலுக்கே போய் பக்கத்துல உக்காந்து பேசிட்டும் வந்தார். ஆனா சுட்டவன் இத்தாலி ஜெயில்ல இருந்து வெளிய வந்தது 2000ல தான். அதே மாதிரி 1999ல ஒடிசாவுல புருஷனையும் ரெண்டு பையன்களையும் தீக்கு பறிகுடுத்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மா, கொன்னவங்கள மன்னிக்கிறேன்னு சொன்னாங்க, தொழுநோயாளிகள் இல்லத்து வேலையயும் விடாம பாத்தாங்க. வழக்கு தனியா நடந்துது, 2003ல தீர்ப்பும் வந்துது. பிரசங்கத்துல இந்தக் கதைய எடுக்குறவங்க முதல் பாதிய கண்ணீரோட சொல்லுவாங்க, தீர்ப்பு வந்தத மட்டும் ஏனோ விட்டுருவாங்க.

முதல் படி: கணக்கு பாருங்க

மத்தேயு 18ல பேதுரு "ஏழு தடவை மன்னிச்சா போதுமா"ன்னு கேட்டதும் இயேசு சொன்ன உவமை எல்லாருக்கும் தெரியும். ராஜாகிட்ட பட்ட 10,000 தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட வேலைக்காரன், வெளிய போய் தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டிய இன்னொருத்தன் கழுத்தப் பிடிச்சான். ஆனா அந்தக் கதை எப்பிடி ஆரம்பிக்குதுன்னு கவனிச்சீங்களா? ராஜா கணக்குப் பாக்க உக்காந்தார். மன்னிப்பு அதுக்கப்புறம் தான். எவ்வளவு கடன்னு தெரியாம அவர் தள்ளுபடி பண்ணல.

அந்தத் தொகைகளையும் பாருங்க. நாள் கூலி ஒரு வெள்ளிப்பணம், அது மத்தேயு 20லயே இருக்கு. ஒரு தாலந்துங்குறது சுமார் 6,000 வெள்ளிப்பணம். அப்ப 10,000 தாலந்துன்னா 6 கோடி நாள் கூலி, வருஷத்துக்கு 300 நாள் வேலை பாத்தாலும் 2 லட்சம் வருஷம் ஆகும், அதாவது கட்டவே முடியாது. இது எல்லாரும் சொல்றது தான். யாரும் சொல்லாதது இன்னொரு தொகைய பத்தி. 100 வெள்ளிப்பணம் "அற்பத் தொகை"ன்னு பிரசங்கத்துல சொல்லிட்டு தாண்டிப் போயிருவாங்க, அது அற்பம் இல்லங்க, 100 நாள் கூலி, ஏறக்குறைய நாலு மாச சம்பளம். கூலிக்காரன் ஒருத்தனுக்கு அது போச்சுன்னா வீட்டுல அடுப்பு எரியாது. இயேசு உங்க வலிய சின்னதுன்னு சொல்லல, வலிக்கிற அளவுக்கான தொகையத்தான் உதாரணமா வச்சிருக்கார். அதனால "இதுக்கெல்லாமா கோவப்படுவீங்க"ன்னு யாராவது சொன்னா நீங்க கூச்சப்பட வேண்டியதே இல்ல.

ஒரு பேப்பர் எடுத்து எழுதுங்க. என்ன நடந்துது, எப்ப, யாரு முன்னாடி, அதனால எனக்கு என்ன போச்சு. "அவங்க எப்பவுமே இப்பிடித்தான்"னு எழுதக்கூடாது, நடந்த காரியம் மட்டும். எழுதி முடிச்சு ரெண்டு நாள் கழிச்சு எடுத்துப் படிச்சா பாதி விஷயம் தானா கழண்டு போயிரும், வாசல்ல பாத்தும் சிரிக்கல, பேர் சொல்லும்போது என் பேர விட்டுட்டாங்க, இந்த மாதிரி. அதையெல்லாம் போய் பேச வேண்டாம், குற்றத்த கண்டும் காணாம விடுறதும் ஒரு மகிமைதான்னு நீதிமொழிகள் 19:11ல இருக்கு. அது உண்மையிலயே விட்டுட்டீங்களா இல்ல உள்ள அமுக்கி வச்சிருக்கீங்களான்னு தெரியணும்னா, அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க பக்கத்துல உக்காந்து பாட்டுப் புஸ்தகத்த பகிர்ந்துக்க முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா சரி. இல்ல, அதுக்குள்ள மூணு பேர்கிட்ட புலம்பியாச்சுன்னா அது சின்ன விஷயம் இல்ல, அடுத்த படிக்கு வாங்க.

ரெண்டாவது படி: வாய அடைங்க

கஷ்டமான படி இது. நம்ம சபைகள்ல புறங்கூறுறதுக்கு ஒரு நல்ல உடுப்பு மாட்டி விட்டிருக்கோம், அதுக்குப் பேர் ஜெபக்குறிப்பு. "அந்த சிஸ்டருக்காக கொஞ்சம் பாரப்பட்டு ஜெபிங்க, என்ன விஷயம்னு நான் சொல்லக்கூடாது, வீட்டுல நிலைமை சரியில்ல போல, ஆண்டவருக்குத் தெரியும்." இதுல ஜெபத்துக்குத் தேவையான தகவல் ஒண்ணுமே இல்ல, கற்பனைக்குத் தேவையானது மட்டும் எக்கச்சக்கமா இருக்கு. இதையே சபை வாட்ஸ்அப் குரூப்ல போட்டா கேக்கவே வேண்டாம், ராத்திரிக்குள்ள பத்து பேர் பத்து விதமா நிரப்பிருவாங்க. பேரு போடாம வசனம் ஸ்டேட்டஸ் வைக்கிறதும் இதே கேஸ் தான், யாருக்கு வச்சிருக்கீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

ஒரே ஒரு ஆள்கிட்ட ஆலோசனை கேக்கலாம். அந்த ஆள் சண்டையில சம்பந்தப்படாதவரா இருக்கணும், உங்களப் பாத்து "நீங்க சொல்றதுலயும் தப்பு இருக்கே"ன்னு சொல்ற தைரியம் உள்ளவரா இருக்கணும். நீங்க சொல்ற எல்லாத்துக்கும் தலையாட்டுற ஃப்ரெண்டுகிட்ட போனா அது ஆலோசனை இல்ல, ஆள் சேக்குறது.

மூணாவது படி: தனியா போங்க

ரெண்டு வசனத்த பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க. மத்தேயு 18:15, உனக்கு விரோதமா ஒருத்தர் தப்பு பண்ணியிருந்தா நீ போ. மத்தேயு 5:23, 24, உன் பேர்ல ஒருத்தருக்குக் குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா காணிக்கைய பலிபீடத்துக்கு முன்னால வச்சுட்டு நீ போ. அடிபட்டவனும் நீதான் போகணும், அடிச்சவனும் நீதான் போகணும். "அவங்க வரட்டும்"னு காத்திருக்க ரெண்டு பேருக்குமே அனுமதி இல்ல, ரெண்டு பேரும் இதுக்கு கீழ்ப்படிஞ்சா நடுவழியில ஒருத்தர ஒருத்தர் சந்திச்சிருக்கணும். இதுல இன்னொண்ணு, இயேசு இத கலிலேயாவுல வச்சு சொன்னார், பலிபீடம் இருந்தது எருசலேம்ல, நடந்தா பல நாள் பயணம். காணிக்கைய அங்க விட்டுட்டு ஊருக்குத் திரும்பிப் போய் ஒப்புரவாகிட்டு மறுபடியும் வரணும்னா அது எவ்வளவு பெரிய அலைச்சல்னு கேட்டுக்கிட்டிருந்தவங்களுக்கு நல்லாவே புரிஞ்சிருக்கும்.

நடைமுறையில சொல்லணும்னா, ஞாயிறு ஆராதனை முடிஞ்ச கையோட வாசல்ல பிடிச்சு பேசாதீங்க, நாலு பேர் பாப்பாங்க, அவங்களுக்குத் தற்காத்துக்கத்தான் தோணும். மெசேஜ்ல பேசாதீங்க, எழுத்துல குரல் இருக்காது, ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருக்கும். "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும், எப்ப வசதிப்படும்"னு கேக்குறதுக்கு மட்டும் மெசேஜ் போதும். போகும்போது கணவரையோ மனைவியையோ கூட்டிட்டுப் போகாதீங்க, அவங்களுக்கு உங்களவிட கோவம் ஜாஸ்தி இருக்கும்.

எப்பிடி பேசுறதுன்னு ஒரு உதாரணம். கொயர்ல வருஷக்கணக்கா தனிப்பாட்டு பாடிட்டிருந்த ஒரு பொண்ணு, கொயர் லீடர் அக்கா ஒண்ணுமே சொல்லாம அந்தப் பாட்ட வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க, ரிகர்சல்ல எல்லார் முன்னாடியும் தான் இவளுக்கே தெரிய வருது. இவ போய் பேசுறா:

"அக்கா, போன சனிக்கிழமை ரிகர்சல்ல பாட்டு மாத்துனத அங்க வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். எல்லாரும் என்னையே பாத்தாங்க. எனக்கு ரொம்ப அவமானமா போச்சு, அதான் பாதியில எழுந்து போயிட்டேன்."

"நீ கோவிச்சுக்கிட்டு போனன்னு நெனச்சேன்."

"கோவமும் இருந்துச்சு அக்கா. பாட்ட வேற ஒருத்தருக்கு குடுத்தது பரவால்ல, அது உங்க முடிவு. முன்னாடியே ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அக்கா கொஞ்ச நேரம் பேசல. "சொல்லணும்னு தான் இருந்தேன், நீ எப்பிடி எடுத்துக்குவியோன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்துட்டேன்மா. அது என் தப்புதான்."

இதுல என்ன இருக்குன்னு பாருங்க. நடந்தது என்ன, அதனால என்ன ஆச்சு, எது பிரச்சினை இல்ல, எது பிரச்சினை, அவ்வளவுதான். "நீங்க எப்பவுமே உங்க சொந்தக்காரங்களுக்குத் தான குடுப்பீங்க"ன்னு ஒரே ஒரு வரி சேத்திருந்தா பேச்சு அங்கயே முடிஞ்சிருக்கும், அது உண்மையாவே இருந்தாலும் அத வேற நாளைக்கு வச்சுக்கணும். இன்னொண்ணு, நீங்க போன உடனே மன்னிப்பு கேப்பாங்கன்னு எதிர்பாக்காதீங்க. சிலருக்கு ஒரு வாரம் ஆகும். முதல் நாள் சண்ட போட்டுட்டு மூணாவது நாள் தானா ஃபோன் பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க.

நாலாவது படி: தப்பு உங்க பக்கம்னா

"யாராவது மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க." மைக்கப் பிடிச்சு இத சொல்ற எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி, யாரு அந்த யாராவது? புண்பட்டிருந்தான்னா பட்டிருக்காங்களா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாதா? இது மன்னிப்பு கேக்குற மாதிரி கேட்டு, பாரத்த எடுத்து எதிராளி தலையில வைக்கிற வேல.

சரியா கேக்குறதுன்னா செஞ்சத பேர் சொல்லி சொல்லணும். "கமிட்டியில நீங்க இல்லாத நேரத்துல உங்க கணக்குல சந்தேகம் இருக்குன்னு நான் பேசினேன். என்கிட்ட ஆதாரம் இல்ல. அதனால உங்கள பொறுப்புல இருந்து எடுத்துட்டாங்க. நான் செஞ்சது தப்பு." இதுக்கு அப்புறம் "ஆனா"ன்னு ஒரு வார்த்த வந்தா மேல சொன்னதெல்லாம் அழிஞ்சு போகும். "மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க"ன்னு அங்கயே நின்னு நெருக்கவும் கூடாது, அவங்களுக்கு நேரம் வேணும்.

அப்புறம் சரி பண்ணணும். வரி வசூல்காரன் சகேயு "மன்னிச்சிருங்க ஆண்டவரே"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காரல, அநியாயமா வாங்கினத நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னான், ஆஸ்தியில பாதிய ஏழைகளுக்குன்னான். தானா தப்ப ஒத்துக்கிட்டு வர்றவன்கிட்ட நியாயப்பிரமாணம் கேட்டது கூட அவ்வளவு இல்ல, எண்ணாகமம் 5:7ல தப்ப அறிக்க பண்ணி முதலோட அஞ்சுல ஒரு பங்கு சேத்துக் குடுன்னு தான் இருக்கு. பணம்னா பணம். பேரக் கெடுத்திருந்தா, யாரு யாரு காதுல அது விழுந்துதோ அத்தன பேர் காதுலயும் "நான் சொன்னது பொய்"னு விழணும். பத்து பேர் முன்னாடி அவமானப்படுத்திட்டு தனி ரூம்ல மன்னிப்பு கேட்டா கணக்கு பாதி தான் தீந்துருக்கு. கமிட்டியில பேசினத கமிட்டியில தான் திருப்பி எடுக்கணும், அதுக்கு மினிட்ஸ்ல இடமும் உண்டு.

அஞ்சாவது படி: "மன்னிச்சுட்டேன்"னு சொன்னதுக்கு அப்புறம்

ரொம்ப குழப்பம் இங்கதான். மன்னிக்கிறது, ஒப்புரவாகுறது, நம்புறது, மூணும் வேற வேற. மன்னிக்கிறது நீங்க ஒருத்தராவே செய்யலாம், எதிராளி செத்துப் போயிருந்தாலும் செய்யலாம், பழி வாங்குற உரிமைய நீங்க கையில இருந்து விடுறீங்க. ஒப்புரவாகுறதுக்கு ரெண்டு பேர் வேணும். நம்பிக்கைக்கு ரெண்டு பேரோட சேத்து நாளும் வேணும். சபையில என்ன பண்றோம்னா மூணையும் ஒரே மூச்சுல கேக்குறோம், "மன்னிச்சுட்டேன்னு சொன்னீங்கல்ல, அப்ப ஏன் முன்ன மாதிரி பழக மாட்டேங்குறீங்க"ன்னு.

யோசேப்ப பாருங்க. தன்ன அடிமையா வித்த அண்ணன்மார் வந்து நின்ன உடனே கட்டிப் பிடிக்கல. ஆதியாகமம் 42ல இருந்து 44 வரைக்கும் சோதிச்சுப் பாத்தார். பணத்த சாக்குல திருப்பி வச்சார், கடைசித் தம்பி பென்யமீன கூட்டிட்டு வரச் சொன்னார், அவன் சாக்குல பாத்திரத்த ஒளிச்சு வச்சார். எதுக்கு? அன்னைக்கு ஒரு தம்பிய வித்தவங்க இன்னைக்கு இன்னொரு தம்பிய விட்டுட்டு ஓடுவாங்களான்னு பாக்க. அன்னைக்கு விக்கலாம்னு யோசனை சொன்னதே யூதா தான், அந்த யூதாவே "இவனுக்குப் பதிலா நான் அடிமையா இருக்கேன்"னு முன்னால வந்தப்ப தான் யோசேப்பு அழுது தன்ன வெளிப்படுத்தினார். மனசுக்குள்ள மன்னிப்பு எப்பவோ நடந்திருக்கும், நம்பிக்கை மாத்திரம் யூதா மாறினதப் பாத்துட்டுத்தான் வந்துது.

அதனால சபைப் பணத்துல கை வச்ச ஒருத்தர் மனந்திரும்பி, பணத்தயும் கட்டிட்டு வந்தா அவர முழுசா மன்னிக்கணும், திருவிருந்துல சேத்துக்கணும், அவர் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளா போகணும். காணிக்கை எண்ணுற வேலைய மட்டும் குடுக்கக்கூடாது. அது அவருக்குத் தண்டனை இல்ல, அவர அந்த இடத்துல மறுபடி நிக்க வைக்காம இருக்குறதும் அன்பு தான்.

பேதுருவோட கேள்விக்கு இயேசு சொன்ன ஏழெழுபது தரம்ங்குறது வேற வேற 490 தப்புக்குன்னு நாம நெனக்கிறோம். நடைமுறையில பாத்தா ஒரே தப்புக்கே அத்தன தடவ தேவைப்படும். மன்னிச்சுட்டேன்னு நெனச்சு தூங்கப் போவீங்க, மறுவாரம் அவங்க மேடையில ஏறி சாட்சி சொல்லும்போது வயிறு எரியும். உடனே "அப்ப நான் மன்னிக்கவே இல்லையோ"ன்னு குற்ற உணர்ச்சி வரும். அப்பிடி இல்ல. முதல் தடவ எடுத்த முடிவ மறுபடி ஒரு தடவ எடுக்கணும், அவங்களுக்காக நல்லதா ஒரு வரி ஜெபிங்க, பல்லக் கடிச்சுக்கிட்டு ஜெபிச்சாலும் பரவால்ல. கொஞ்ச கொஞ்சமா அந்த எரிச்சல் வர்ற இடைவெளி கூடும்.

ஆறாவது படி: தனியா போயும் கேக்கலன்னா

ஒண்ணு ரெண்டு பேர கூட்டிட்டுப் போகச் சொல்லுது மத்தேயு 18:16. இவங்க உங்க கட்சிக்காரங்க இல்ல, சாட்சிகள். உங்க தப்பையும் பாத்து சொல்லக்கூடியவங்க. பிலிப்பியர் 4ல பவுல் எயோதியாள், சிந்திகேயாள்னு ரெண்டு பெண்களுக்கு நடுவுல இருந்த பிரச்சினைய எழுதுறார், கடிதம் சபைக்கு முன்னாடி படிக்கப்படும்னு தெரிஞ்சே பேர் போட்டு எழுதுறார். யாரு சரி யாரு தப்புன்னு தீர்ப்பு சொல்லல, ரெண்டு பேருக்கும் தனித்தனியா அதே வார்த்தையில புத்தி சொல்றார், ரெண்டு பேருமே சுவிசேஷத்துக்காக என்கூட போராடினவங்கன்னு மரியாதைய விடாம சொல்றார், அப்புறம் உள்ளூர்ல இருக்குற ஒரு கூட்டாளிய "நீ உதவி பண்ணு"ன்னு கேக்குறார். நடுவுல நிக்கிறவங்களுக்கு இதவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியல.

அதுக்கும் அசையலன்னா சபைக்கு சொல்லுங்கன்னு இருக்கு. இத குரூப்ல போடுறதுன்னு எடுத்துக்காதீங்க, பொறுப்புல இருக்குற மூப்பர்கள், கமிட்டி, அந்த ஒழுங்குல போகணும்.

சரி, தப்பு பண்ணினது போதகரே ஆனா? "அபிஷேகம் பண்ணப்பட்டவர தொடாத"ன்னு சங்கீதம் 105:15 உடனே வந்து விழும். அந்த சங்கீதத்துல பேசுறது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு அலைஞ்சு திரிஞ்ச காலத்துல ராஜாக்கள் அவங்களுக்குத் தீங்கு செய்யாதபடி கர்த்தர் காத்ததப் பத்தி. தன்ன கொல்லத் தேடின சவுல் ராஜாவ தாவீது தொடாம விட்டதும் கொல்லாம விட்டது தான், கேள்வி கேக்காம விடல, 1 சாமுவேல் 24ல குகைக்கு வெளிய நின்னு சத்தமா நியாயம் கேட்டார். அதே தாவீது ராஜாவா இருந்து தப்பு பண்ணினப்ப நாத்தான் தீர்க்கதரிசி நேர்ல போய் "நீயே அந்த மனுஷன்"னார். 1 தீமோத்தேயு 5:19, 20ம் தெளிவு, மூப்பர் மேல குற்றச்சாட்ட ரெண்டு மூணு சாட்சி இல்லாம எடுக்காத, ஆனா தப்பு பண்ணினது உறுதியானா எல்லாருக்கும் முன்பா கண்டிக்கணும். அநியாய குற்றச்சாட்டுல இருந்து அவருக்குப் பாதுகாப்பு உண்டு, உண்மையான குற்றச்சாட்டுக்கு அவர் தப்ப முடியாது.

எல்லாம் பண்ணியும் ஒண்ணும் நடக்கலன்னா "கூடுமானால் உங்களாலானமட்டும்"னு ரோமர் 12:18ல பவுல் ஒரு வேலி போட்டு வச்சிருக்கார். உங்களாலானத செஞ்சாச்சுன்னா மீதிய சுமக்காதீங்க. தேவைப்பட்டா வேற சபைக்குப் போறதும் பாவம் இல்ல. மாற்க ஊழியத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமா வேண்டாமாங்குற விஷயத்துல பவுலும் பர்னபாவும் கடுமையா வாக்குவாதம் பண்ணி பிரிஞ்சே போயிட்டாங்க, அப்போஸ்தலர் 15ல அப்பிடியே எழுதி வச்சிருக்கு. பல வருஷம் கழிச்சு அதே பவுல் 2 தீமோத்தேயு 4:11ல மாற்க கூட்டிட்டு வா, ஊழியத்துல எனக்கு பிரயோஜனமானவன்னு எழுதுறார்.

ஏழாவது படி: சண்டை இல்லாத நாள்ல செய்ய வேண்டியது

மன்னிப்பு கஷ்டமா இருக்குறதுக்கு பாதி காரணம், அதுக்கு முன்னாடி அன்பே இல்லாம இருந்தது. ஆராதனைக்கு வந்து முதுகப் பாத்துட்டுப் போற ஆளுங்க சண்ட வந்தா எத வச்சு சமாதானமாவாங்க? ஆஸ்பத்திரியில கூட இருந்தவங்க, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியாதப்ப சத்தமில்லாம உதவினவங்க, சாவு வீட்டுல பாத்திரம் கழுவினவங்க, இவங்க தப்பு பண்ணினா மனசு தானா கொஞ்சம் இடம் குடுக்கும்.

குறைய கேக்குற விதத்துலயும் அன்பு தெரியும். அப்போஸ்தலர் 6ல கிரேக்க மொழி பேசுற விதவைகள சாப்பாட்டுப் பந்தியில கவனிக்கலன்னு முறுமுறுப்பு வந்துது. "முறுமுறுக்குறது பாவம்"னு அப்போஸ்தலர்கள் பிரசங்கம் பண்ணல, பிரச்சினை உண்மைன்னு ஏத்துக்கிட்டு ஏழு பேர நியமிச்சாங்க. அந்த ஏழு பேரப் படிச்சுப் பாருங்க, ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, ஏழும் கிரேக்கப் பேரு. பாதிக்கப்பட்டவங்க பக்கத்து ஆளுங்க கையிலயே பந்திய குடுத்துட்டாங்கன்னு தான் தோணுது. நம்ம கமிட்டிகள்ல குறை சொன்ன ஆள அடுத்த தேர்தல்ல எப்பிடி வெளிய தள்ளலாம்னு தான யோசிப்போம்.

சில பழைய சபைகள்ல மன்னிப்புக்குன்னு நாளே வச்சிருக்காங்க. ஆர்த்தடாக்ஸ் சபைகள்ல பெரிய நோன்பு தொடங்குறதுக்கு முந்தின சாயங்கால ஆராதனையில குருவானவர் உட்பட எல்லாரும் ஒவ்வொருத்தர் முன்னாடியா வந்து "என்ன மன்னியுங்க"ன்னு கேப்பாங்க, சின்னப் பிள்ளைங்ககிட்ட கூட. 6ம் நூற்றாண்டுல பெனடிக்ட் தன் மடங்களுக்கு எழுதி வச்ச ஒழுங்குல, தினமும் காலையிலயும் சாயங்காலமும் பரமண்டல ஜெபத்த தலைவர் சத்தமா சொல்லணும்னு இருக்கு, காரணத்தையும் எழுதியிருக்கார், சேந்து வாழ்ற இடத்துல முள்ளு முளைக்கத்தான் செய்யும், "நாங்கள் மன்னிக்கிறதுபோல"ங்குற வரி காதுல விழணும்னு. துறவிகளுக்கே தினமும் ரெண்டு வேள தேவைப்பட்டிருக்கு! நம்ம சபையில திருவிருந்து ஆராதனைக்கு ஒரு வாரம் முன்னாடியே "யாரோடயாவது பேச வேண்டியது இருந்தா இந்த வாரம் போய் பேசுங்க"ன்னு அறிவிப்பு குடுத்தாலே போதும், அன்னைக்குக் காலையில சொல்றதுல பிரயோஜனம் இல்ல.

எட்டாவது படி: திரும்ப வர்றவங்கள சேத்துக்குறது

ஒழுங்கு நடவடிக்கை எடுக்குறதுல காட்டுற சுறுசுறுப்ப திரும்ப சேத்துக்குறதுல யாரும் காட்டுறதில்ல. கொரிந்து சபைக்கு பவுல் ரெண்டாவது கடிதத்துல, சபை கண்டிச்ச ஒருத்தனப் பத்தி எழுதுறார், அவனுக்குக் கிடைச்ச கண்டனம் போதும், இப்ப மன்னிச்சு ஆறுதல் பண்ணுங்க, இல்லன்னா அவன் அதிக துக்கத்துலயே அமிழ்ந்து போயிருவான்னு. தண்டனைக்கு ஒரு முடிவு தேதி இருக்கணும், அத அந்த ஆளுக்கு முன்னாடியே சொல்லியும் இருக்கணும், "பாக்கலாம்"னு தொங்க விடக்கூடாது.

வந்த முதல் ஞாயித்துக்கிழமை தான் ரொம்ப முக்கியம். அவர் எங்க உக்காருறார்னு பாருங்க, அனேகமா கடைசி வரிசையில தூணுக்குப் பின்னாடி உக்காருவார். யாராவது ரெண்டு பேர் போய் பக்கத்துல உக்காரணும், அதுவும் சபையில மரியாதை உள்ள ரெண்டு பேர். விசாரணை வேண்டாம், "இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க"ன்னு கேக்க வேண்டாம், சாட்சி சொல்லுங்கன்னு மேடைக்கு இழுக்கவே வேண்டாம். ஆராதனை முடிஞ்சதும் வாசல் வரைக்கும் கூடவே நடங்க, எல்லாரும் பாக்கட்டும். ரெண்டு மூணு மாசம் போனதும் ஒரு சின்ன வேலை குடுங்க. மூணு தடவ மறுதலிச்ச பேதுருகிட்ட இயேசு "என்ன நேசிக்கிறியா"ன்னு மூணு தடவ கேட்டுட்டு ஒவ்வொரு தடவயும் மேய்க்குற வேலைய தான் குடுத்தார், யோவான் 21ல. நாற்காலி அடுக்குறதோ பாட்டுப் புஸ்தகம் குடுக்குறதோ ஏதாவது ஒண்ணு, வேலைன்னு ஒண்ணு இருந்தா வராத வாரம் யாராவது தேடுவாங்க. அந்தத் தேடுற ஆள் யாருன்னு கமிட்டி இப்பவே பேர் சொல்லி முடிவு பண்ணிரணும், "எல்லாரும் பாத்துக்குவோம்"னு விட்டா ஒருத்தரும் ஃபோன் பண்ண மாட்டாங்க.